எங்கே வைத்தாலும் கத்தும் மெசின்: பல அதிர்வெண் மெட்டல் டிடெக்டரும் நம்ம கொங்கு மண்ணும்

போன கடலை அறுப்பின்போது பவானிசாகர் பக்கமிருந்து ஒரு போன். "அண்ணா, பல அதிர்வெண் மெசினே வாங்கிப்போட்டேனுங்க. எங்க வச்சாலும் டிக், டிக்குங்குது. ஏமாத்திப்போட்டானுங்களா?" கடலை பறித்த காட்டில் அவர் வீட்டம்மாவின் மோதிரம் விழுந்துவிட்டது. இரண்டு நாளாகக் கையால் மண்ணைச் சலித்துப் பார்த்து ஓய்ந்துபோய், அப்புறம்தான் மெசின் வாங்கியிருக்கிறார். அதுவும் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டிக் டிக்.

எனக்குத் தாராபுரம் பக்கம். சில வருடங்களுக்கு முன் வெங்காயப் பாத்திக்கடியில் மூடிப்போன ஒரு கேட் வால்வைத் தேடத்தான் நான் முதல் மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். அதற்குப் பிறகு ஊரில் யாருக்கு என்ன தொலைந்தாலும் போன் எனக்குத்தான் வரும். தாலி, மோதிரம், டிராக்டர் பின், கலப்பைக் கொழு எல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். புதையல் ஒன்றும் இதுவரை வரவில்லை. கெட்டுப்போன மெசின் என்று என் கைக்கு வந்ததில் நிஜமாகவே கெட்டது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் அந்த மண்ணுக்கு அந்த மெசின் ஒட்டாது, அல்லது அந்த ஆளுக்கு அந்த மெசின் ஒட்டாது. அதனால் எந்த மாடல் நல்லது என்று ஆரம்பிக்காமல், என்ன கோளாறு என்று கேட்டு அங்கிருந்து போகிறேன். இன்னும் வாங்காதவர்களும் இதையே படிக்கலாம். உங்கள் காட்டில் எந்தக் கோளாறு வரும் என்று தெரிந்தால், எந்த மெசின் வேண்டும் என்பது பாதி முடிந்த மாதிரி.

முதலில் மெசின் என்ன செய்கிறது என்று ஒரு பத்தி. கீழே இருக்கும் வட்டத் தட்டுதான் காயில். அது மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, ஒரு சின்ன எதிர்ப் புலத்தைத் திருப்பி அனுப்பும். எவ்வளவு வந்தது, எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துத்தான் திரையில் எண் காட்டுகிறது. 4, 5 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணுக்குத் தடித்த வெள்ளியும் செம்பும் நன்றாகப் பிடிபடும். 20, 40 என்று மேலே போனால் மெல்லிய பொன், சிறு துணுக்கு பிடிபடும். ஒற்றை அதிர்வெண் மெசின் இதில் ஏதோ ஒன்றோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும். பல அதிர்வெண் மெசின் ஒரே நேரத்தில் பலவற்றை அனுப்பி, வரும் பதில்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. மண்ணின் பதில் ஒரு அதிர்வெண்ணுக்கும் இன்னொன்றுக்கும் மாறும் விதம் வேறு, உலோகத்தின் பதில் மாறும் விதம் வேறு. அதை வைத்து மண்ணின் சத்தத்தைக் கழித்துவிடுகிறது. பெரிய லாபம் அதுதான். இரண்டு மடங்கு ஆழம் போகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். "நாலு அதிர்வெண் இருக்கு" என்பதும் "நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்" என்பதும் ஒன்றல்ல. மைன்லேப் எக்ஸ்-டெர்ரா புரோவில் 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். நோக்டா சிம்ப்ளெக்ஸ் ஒரே ஒரு அதிர்வெண்ணில் மட்டும் ஓடும். இரண்டும் மோசமில்லை, ஆனால் கீழே நான் பல அதிர்வெண் என்று சொல்லும் இடங்களில் இவை வராது. மைன்லேபின் ஈக்வினாக்ஸ், வான்க்விஷ், அப்புறம் நோக்டா லெஜண்ட், கேரட் ஏபெக்ஸ், எக்ஸ்பி டியூஸ் 2 ஆகியவை ஒரே நேரத்தில் பலவற்றை அனுப்புபவை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கும் நீடில் டிடெக்டரை இரவல் வாங்கிக் காட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு மாப்பிள்ளை கேட்டார். அது துணியில் உடைந்த ஊசி தங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்தது. இரும்புக்குத்தான் குரல் கொடுக்கும், தங்கம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

சரி, கோளாறுக்கு வருவோம்.

"எங்க வச்சாலும் கத்துதுங்க"

இதுதான் பத்துக்கு ஏழு போன். எந்தப் பட்டனையும் தொடுவதற்கு முன், மெசினை ஆன் செய்து காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அசையாமல் பிடியுங்கள். அப்போதும் கத்தினால் அது மண்ணின் குற்றமே இல்லை, சுற்றியிருக்கும் மின்சாரத்தின் வேலை. தூக்கினால் அமைதியாகி, தரைக்கு இறக்கினால் கத்தினால் மண். தூக்கிப் பிடித்து அசைக்கும்போது மட்டும் கத்தினால் உங்கள் மேலோ மெசின் மேலோதான் ஏதோ இருக்கிறது.

கடைசியை முதலில் முடித்துவிடுவோம். காயிலுக்குப் போகும் வயர் தண்டில் தொளதொளவென்று தொங்கினால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பொய்ச் சத்தம் வரும். இறுக்கிச் சுற்றி, வார் போட்டுக் கட்டுங்கள். இணைப்பு முனையில் மண் ஏறியிருந்தால் துடைத்துப் பூட்டுங்கள். அப்புறம் இரும்பு முனை வைத்த பூட்ஸ், இடது கையில் பிடித்திருக்கும் மண்வெட்டி, சட்டைப் பையில் போன். கூடவே "இங்கதானுங்க விழுந்துச்சு" என்று காலால் காட்டிக்கொண்டு வரும் அம்மணியின் கொலுசும் மெட்டியும். ஒருமுறை அரைமணி நேரம் ஒரே இடத்தில் அருமையான வெள்ளிச் சத்தம் வந்து, நாங்கள் தோண்டிக்கொண்டே இருந்தோம். குனிந்து கையடக்கப் பின்பாயிண்டரால் தேடிய என் பங்காளியின் வெள்ளி அரைஞாண்தான் அது.

தூக்கிப் பிடித்தாலும் கத்துகிறது என்றால், சுற்றிலும் ஒரு பார்வை பாருங்கள். நம் பக்கம் மின்சாரம் இல்லாத திசையே இல்லை. பல்லடம், உடுமலை என்று போனால் காற்றாலை. புகளூரில் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதையே சத்தீஸ்கரிலிருந்து வந்து இறங்குகிறது; அங்கிருந்து கிளைவிடும் உயரழுத்தக் கோபுரங்கள் எத்தனை காடுகளைத் தாண்டிப் போகின்றன என்று உங்களுக்கே தெரியும். விசைத்தறிக் கொட்டகை, கிணற்று மோட்டார், இப்போது புதிதாகச் சோலார் பம்பின் இன்வெர்ட்டர். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இரையும். பல அதிர்வெண் மெசின் அகலமாகக் காது கொடுப்பதால், இந்த இரைச்சலும் அதற்குக் கூடுதலாகக் கேட்கும்.

செய்ய வேண்டியது இதுதான். மோட்டாரை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். காயிலைத் தூக்கிப் பிடித்தபடி நாய்ஸ் கேன்சல் பட்டனை அழுத்துங்கள். மெசின் தானே அமைதியான இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். போதவில்லை என்றால் சென்சிட்டிவிட்டியை, அதாவது மெசினின் காதுக் கூர்மையை, இரண்டு மூன்று படி இறக்குங்கள். அதுவும் போதவில்லை என்றால், பெருமையை விட்டுவிட்டு ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாறுங்கள். 10, 15, 20 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்றில் வாயை மூடும். அதனால் உங்கள் காட்டின்மேல் உயரழுத்தக் கம்பி போகிறது என்றால், பல அதிர்வெண்ணோடு ஒற்றைக்கும் இறங்கத் தெரிந்த மெசினாகப் பாருங்கள். ஈக்வினாக்ஸ் 800-இல் 5, 10, 15, 20, 40 தனித்தனியாகக் கிடைக்கும். லெஜண்டில் 4, 10, 15, 20, 40. வான்க்விஷில் அந்த வழி கிடையாது, அது எப்போதும் பல அதிர்வெண்தான்.

இரைச்சலுக்குத் தாளம் இருந்தால், அதாவது நொடிக்கு ஒரு முறை போல ஒரே சீராக டிக்... டிக்... என்று வந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். வேலியைப் பாருங்கள். யானையும் பன்றியும் வரும் சத்தியமங்கலம், ஆனைகட்டி, தடாகம் பக்கமெல்லாம் சோலார் வேலி. அதன் பெட்டி தொடர்ந்து மின்சாரம் விடாது, விட்டுவிட்டுத் துடிப்பாக விடும். அந்தத் துடிப்புதான் உங்கள் காதில் விழுகிறது.

"தரைக்கு இறக்கினா மட்டும் கத்துது"

இது மண். இங்கே கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது தரைச் சமன் என்ற ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. உலோகம் இல்லாத ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு நாலு விரல் மேலே வரை ஏற்றி இறக்குங்கள். சத்தம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மாதிரி ஆகிவிட்டால், இந்த மண் இப்படித்தான் பேசும் என்று மெசின் கற்றுக்கொண்டது என்று பொருள். பெரும்பாலான பேர் இதைக் காலையில் வீட்டு வாசலில் செய்துவிட்டுக் காட்டுக்குப் போகிறார்கள். வாசல் சிமெண்டுக்குள் கம்பி இருக்கிறது சாமி.

நம் ஊரில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். பல்லடத்துப் பக்கம் ஒரே தோட்டத்தில் மேற்கே செம்மண், கிழக்கே கரிசல், நடுவில் சுக்காங்கல் சரளை என்று இருக்கும். செம்மண்ணில் வைத்த சமன் கரிசலில் செல்லாது. காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடுகள் ஓரளவுக்குச் சாது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும், நடுவில் ஆடும் மாடும். பல வருடம் உழாமலே கிடக்கும் மண். அங்கே ஒருமுறை சமன் வைத்தால் மத்தியானம் வரை ஓடலாம், சாதாரண மெசினே போதும். உழுத காடு அப்படியில்லை. சாலில் காயில் இறங்குவதும் வரப்பில் ஏறுவதுமாக உயரம் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மண் ஒரு குரல் கொடுக்கும். முடிந்தால் ஒரு பலகையை இழுத்து மட்டமாக்கிவிட்டுத் தேடுங்கள். சோளத்தட்டு அறுத்த காட்டில் கட்டைகள் காயிலைத் தட்டித் தட்டிப் பொய்ச் சத்தம் வரும். அதற்கு எந்த மெசினிலும் பட்டன் இல்லை, அரிவாள்தான்.

வாங்குகிறவர்களுக்கு: வான்க்விஷ் வரிசையில் தரைச் சமனை நீங்கள் கையால் வைக்க முடியாது, அது தானே பார்த்துக்கொள்ளும். கொரங்காட்டிலும் தென்னந்தோப்பிலும் அது வசதிதான், புதியவருக்கு ஒரு தலைவலி மிச்சம். ஆனால் அடுத்து வரும் இரண்டு கோளாறும் உங்கள் காட்டில் உண்டு என்றால், கையாலும் வைக்க முடிகிற மெசின்தான் வேண்டும்.

"வெயில் காலத்துல நல்லாத்தான் இருந்துச்சு, மழை பேஞ்சதும் பைத்தியம் புடிச்சிருச்சு"

நொய்யல் கரையிலிருந்து பேசுகிறீர்களா என்று கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள்.

இந்த ஆற்றின் கதை தெரியாதவர்கள் இல்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் முடிந்தது, அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயத்தண்ணீர். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் வரை அந்த உப்பு கீழே கிணறுகளுக்கும் காடுகளுக்கும் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படி உப்பேறிய மண்ணில் தேடுவதும் கடற்கரையில் தேடுவதும் மெசினுக்கு ஒன்றுதான். உப்பு காய்ந்து கிடக்கும்போது மின்சாரம் கடத்தாது, மெசின் சும்மா இருக்கும். ஈரம் பட்டதும் மண்ணே ஒரு பெரிய மெல்லிய உலோகத் தகடு மாதிரி நடந்துகொள்ளும். அதன் எண் எங்கே விழும் தெரியுமா? மெல்லிய தங்கமும் சிகரெட் பெட்டியின் அலுமினியக் காகிதமும் விழும் அதே தாழ்ந்த எண்களில்.

ஒற்றை அதிர்வெண் மெசின், அதுவும் 15, 20-க்கு மேல் ஓடுவது, இந்த மண்ணில் மழைக்குப் பிறகு பிரயோஜனமில்லை. உயர்ந்த அதிர்வெண்ணுக்கு உப்பு இன்னும் உரக்கக் கேட்கும். பல அதிர்வெண்ணின் அருமை தெரிவது இங்கேதான். மெசினில் பீச் என்று ஒரு முறை இருக்கும். சமுத்திரமே இல்லாத சீமையில் இது எதற்கு என்று நானும் முதலில் அதைத் தொடாமல் விட்டிருந்தேன். நொய்யல் ஓரத்தில் ஒரு ஐப்பசி மாதம், வேறு வழியில்லாமல் அதைப் போட்டதும் மெசின் அடங்கியது. அதைப் போட்டபின் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் இறக்கி, காயிலைத் தரைக்கு ஒரே உயரத்தில் வைத்து மெதுவாக வீச வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு. உப்பின் குரலைக் கழிக்கும்போது மிகச் சிறிய தங்கத்தின் குரலும் சேர்ந்து கழிந்துபோகும். தொலைந்தது மூக்குத்தி என்றால் அவசரப்படாமல் தை, மாசியில் மண் காய்ந்தபின் தேடுங்கள். கரிசலிலும் இதே கதைதான், கொஞ்சம் மெல்லிய குரலில். அது ஈரத்தை நாள்கணக்கில் பிடித்துவைத்திருக்கும்.

"கல்லுக்குக் கத்துது"

சேலத்துக்காரர்கள் இதைச் சொன்னால் நான் ஆச்சரியப்படுவதில்லை. கஞ்சமலையே மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது கலந்த பாறை. அதன் அடிவாரத்து ஓடைகளில் அடித்துவரும் கருமணலும் கல்லும் மெசினைக் கிறுக்காக்கும். வேறு இடங்களிலும் சரளையோடு சரளையாக இப்படிப்பட்ட கல் ஒன்றிரண்டு கிடக்கும்.

பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான கல்லை நூல் காந்தத்தின் முன் பிடியுங்கள், காந்தம் அதன் பக்கம் சாய்ந்தால் முடிந்தது கதை. அந்தக் கல்லின் மேலேயே தரைச் சமன் வைத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் அந்த வகைக் கல்லெல்லாம் அமைதியாகிவிடும். ஆனால் அந்தச் சமனில் சுற்றியிருக்கும் மண் கத்த ஆரம்பித்தால் பழைய சமனுக்கே திரும்பிவிட்டு, கல்லை வேலிப்பக்கம் எறிவதே மேல். பல்ஸ் இண்டக்ஷன் என்ற வேறு வகை மெசின்கள் இப்படிப்பட்ட மண்ணைப் பொருட்படுத்தாது. அதற்காக அதை வாங்கிவிடாதீர்கள். ஆணிக்கும் மோதிரத்துக்கும் வித்தியாசம் சொல்ல அதற்குச் சரியாக வராது. தோட்டத்துச் சாளை பக்கத்தில் ஓட்டினால் நாள் முழுதும் ஆணிதான் எடுப்பீர்கள்.

பல காலம் தீ எரிந்த மண்ணும் இப்படித்தான். சூடேறும்போது மண்ணிலிருக்கும் இரும்புச் சேர்மங்கள் காந்தத்தன்மை உள்ளதாக மாறிவிடும். தடாகம் பள்ளத்தாக்கில் பழைய செங்கல் சூளை இருந்த இடங்களில் உடைந்த செங்கல்லுக்கெல்லாம் மெசின் குரல் கொடுக்கும். சில காடுகளில் உருகி உறைந்த மாதிரி, கனமாக, ஓட்டை ஓட்டையாகக் கருப்புக் கட்டி கிடைக்கும். அது இரும்பு உருக்கிய சிட்டம். கொங்கில் இரும்பு உருக்கியது இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட தொழில், கொடுமணல் அகழாய்வில் உலைகளே கிடைத்திருக்கின்றன. சிட்டத்தோடு கருப்புச் சிவப்புப் பானை ஓடும் கண்ணில் பட்டால் மெசினை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். அது தொல்லியல் துறை பார்க்க வேண்டிய இடம், நாம் தோண்டுவது எந்தப்படியும் தப்பு.

"எண் தாவித் தாவி விழுது, தோண்டினா ஆணி"

சந்தை கூடுகிற மைதானம், கோயில் திடல், சாளை வாசல். இந்த மூன்றிலும் இந்தக் கோளாறு வரும். லாடம் கட்டிய மாடு நடந்த இடமெல்லாம் லாட ஆணி உதிர்ந்திருக்கும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தை மாதிரி மாடும் குதிரையும் கூடும் இடத்தில் கேட்கவே வேண்டாம்.

சத்தம் வந்த இடத்தை ஒருமுறை கிழக்கு மேற்காக வீசுங்கள், அப்புறம் தொண்ணூறு டிகிரி திரும்பி வடக்கு தெற்காக. இரண்டு பக்கமும் ஒரே எண், ஒரே மாதிரி உருண்டையான சத்தம் என்றால் தோண்டலாம். ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் உடைந்தால் ஆணி. ஆனால் வாஷர், சோடா மூடி மாதிரி தட்டையான வட்ட இரும்பு இதிலும் ஏமாற்றும், மேலான எண் காட்டும். என்னையும் ஏமாற்றியிருக்கிறது.

இரும்பைவிட மோசம் அலுமினியம். வெளிநாட்டு வீடியோக்களில் டின் மூடியின் வளையத்தைத்தான் திட்டுவார்கள். நமக்கு எதிரி குவாட்டர் பாட்டில் மூடி. வாய்க்கால் கரை, தோப்பு, மோட்டார் ரூம் பின்பக்கம் என்று ஓரிடம் பாக்கியில்லை. அந்த மூடி நசுங்கி, கிழிந்து, உழவில் துண்டாகி, தங்க மோதிரம் காட்டும் எண்களில் எல்லாம் காட்டும். மாத்திரை அட்டையும் அப்படியே. "அலுமினியத்தை மட்டும் மறைச்சு வச்சுட்டுத் தேடலாமுங்களா?" என்று கேட்பார்கள். மறைத்தால் மோதிரமும் மறையும். பல அதிர்வெண் மெசினாலும் இதைப் பிரிக்க முடியாது. தோண்டத்தான் வேண்டும்.

இங்கே உதவுவது சின்னக் காயில். 11 அங்குலக் காயிலின் கீழே ஒரே நேரத்தில் மூன்று குப்பை இருந்தால் மெசின் மூன்றையும் கலந்து ஒரு எண் சொல்லும். 6 அங்குலக் காயில் ஒவ்வொன்றாகப் பார்க்கும். ரெகவரி ஸ்பீடு என்ற அமைப்பை உயர்த்தினால் அடுத்தடுத்து இருக்கும் பொருளைப் பிரித்துச் சொல்லும், ஆழம் கொஞ்சம் குறையும். மெசின் வாங்குமுன் அந்த மாடலுக்குச் சின்னக் காயில் இந்தியாவில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் "அதெல்லாம் தேவைப்படாதுங்க" என்றால், அவர் சந்தை மைதானத்தில் தேடியதில்லை என்று அர்த்தம்.

"தாலிக்கொடி அங்கதான் விழுந்துச்சு, மெசின் மூச்சே விடலை"

எல்லாக் கோளாறிலும் எனக்கு மனசு கஷ்டமாக இருப்பது இதுதான். அஞ்சு பவுன் கொடி, காயிலுக்கு நேர் கீழே, மெசின் சும்மா இருக்கும். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசுக்குக் குதிக்கும்.

காரணம் எடையில் இல்லை. மெசின் சங்கிலியை ஒரே பொருளாகப் பார்க்காது. ஒவ்வொரு கண்ணியும் அதற்குத் தனித்தனி. கண்ணிக்குக் கண்ணி தொடர்பு அரைகுறையாக இருப்பதால் சுழல் மின்னோட்டம் முழுச் சங்கிலியிலும் ஓடாது, அந்தக் குட்டிக் கண்ணிக்குள்ளேயே சுற்றும். அதனால் ஒரு கண்ணிக்கு எவ்வளவு சத்தமோ அவ்வளவுதான் வரும். மெட்டியும் இப்படியே: வாய் திறந்த வளையமாக இருப்பதால், மூடிய மோதிரம் அளவுக்குக் குரல் வராது. சங்கிலியைத் தேடும்போது சங்கிலியைத் தேடாதீர்கள். அதில் கோத்திருக்கும் தாலியைத் தேடுங்கள், கொக்கியைத் தேடுங்கள். அவை திடமான துண்டு.

40 கிலோஹெர்ட்ஸ் வரை போகிற மெசினுக்கு நான் வக்காலத்து வாங்குவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். ஈக்வினாக்ஸ் 600-இல் தனி அதிர்வெண் 15-உடன் நின்றுவிடும், 800-இல் 40 உண்டு. நகை தேடத்தான் மெசின் என்றால் அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம். வால்வும் கொழுவும் தேடுவதற்கு வேண்டாம்.

தேடும் முன், வீட்டிலிருக்கும் இன்னொரு அதே மாதிரி நகையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நூல் கட்டி, அதே காட்டு மண்ணில் இரண்டு விரல் ஆழத்தில் வைத்து வீசிப் பாருங்கள். என்ன எண், என்ன சத்தம் என்று காதில் ஏற்றிக்கொண்டபின் தேடுங்கள். நூல் கட்டச் சொல்வது ஏன் என்றால், சோதனைக்கு வைத்த தோட்டைத் தொலைத்துவிட்டு இரண்டையும் தேடிய வீடு ஒன்று எனக்குத் தெரியும். அப்புறம், காட்டைப் பாத்தி பாத்தியாகக் கயிறு கட்டிப் பிரித்து, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி ஏறுகிற மாதிரி நடங்கள். போன வாரம் விழுந்தது மேலாகத்தான் இருக்கும், நடுவில் உழவு ஓட்டாமல் இருந்தால். ஆழம் இங்கே விஷயமே இல்லை.

"ஆழம் போதலைங்க"

எவ்வளவு எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டால் பத்தடி, இருபதடி என்பார்கள். நல்ல மண்ணில் ஒரு காசு அளவுப் பொருளுக்கு ஒரு ஜாண். அதுவே சந்தோஷப்பட வேண்டிய ஆழம். வால்வு, பாத்திரம் போன்ற பெரிய பொருள் என்றால் இரண்டு மூன்று ஜாண். 15 அங்குலக் காயில் போட்டால் பெரிய பொருளுக்குக் கொஞ்சம் கூடும், கையும் வலிக்கும், சின்னப் பொருளுக்குக் காது மந்தமாகும். இருபதடிக்குக் கீழே தங்கம் காட்டும் என்று ஆண்டெனா வைத்த பெட்டியை யாராவது விற்க வந்தால், அது இரிடியக் கலசம் விற்பவர்களின் சித்தப்பா வீடு. காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியே ஏதாவது பழையது கிடைத்துவிட்டால்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஜெயில் வரை போகும். கரூரில் அமராவதி மணலில் ரோமானியக் காசும் சேரர் காசும் கிடைத்த கதையைக் கேட்டுவிட்டு மெசின் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் மாடல் எதுவும் சொல்வதில்லை.

"மெசின் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் பிடிபடலை"

இதை ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. ஒப்புக்கொண்டவர்கள் ஒரு மாதத்தில் தேறிவிடுகிறார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை வால்வோ டிராக்டர் பின்னோ தேடுபவர் என்றால் பல அதிர்வெண்ணே வேண்டாம். ஒற்றை அதிர்வெண் மெசின் ஒன்றை நாலு பங்காளிகள் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், தோடு என்று எப்போதாவது தேட வேண்டி வரும், பட்டன்களோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லை, மண்ணும் சாது என்றால் வான்க்விஷ் மாதிரி தானே பார்த்துக்கொள்ளும் பல அதிர்வெண் மெசின். நொய்யல் ஓரம், கரிசல், கம்பி போகிற காடு, சேலத்து மலையடிவாரம் என்றால் லெஜண்ட், ஈக்வினாக்ஸ், ஏபெக்ஸ் வகையறா. ஆனால் முதல் மாதம் தொழிற்சாலை அமைப்பிலேயே ஓட்டுங்கள், சென்சிட்டிவிட்டியை மட்டும் தொடுங்கள். வாங்கிய அன்றே ஐயன் பயாஸ், டோன் பிரேக் என்று எல்லாவற்றையும் திருகியவர்கள்தான் எனக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்கிறார்கள். டியூஸ் 2 போன்றவை நல்ல மெசின்தான்; காயிலே வயரில்லாமல் ஓடும், அதற்கும் தனியாக சார்ஜ் போட வேண்டும். ஆனால் முதல் மெசினாக யாருக்கும் சொல்ல மாட்டேன். திருகித் திருகி எங்கேயோ போய் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் பேக்டரி ரீசெட் போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் வருடத்துக்கு இரண்டு முறை போடுகிறேன்.

பவானிசாகர்க்காரர் கதையை விட்டுவிட்டேன். டிக் டிக் என்று போனிலேயே கேட்டது, சீராக, நொடிக்கு ஒன்று. "காட்டைச் சுத்தி வேலிங்களா?" என்றேன். "ஆமாங்க, பன்னி தொல்லைக்குப் போட்டது." பெட்டியை அணைத்துவிட்டுத் தேடச் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடலைக்கொடிப் போருக்கு அடியில், மூன்று விரல் ஆழத்தில் மோதிரம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வேலியைத் திரும்ப ஆன் செய்ய மறந்துவிட்டார்கள். காலையில் மறுபடி போன் வந்தது. பறிக்காமல் மீதி இருந்த கடலையில் நாலு பாத்தியைப் பன்றி உழுதுவிட்டுப் போயிருந்தது.